பயமுறுத்துகிறவர் கதாசிரியரா?

ஒரு நாவல் ஆயிரம் பிரதி விற்றால் நம் விமர்சகர்கள் அதைப் படிக்கிறார்கள். லட்சம் பிரதி விற்றால் படிக்காமலே அபிப்பிராயம் சொல்லுகிறார்கள். கோடி விற்றுவிட்டாலோ, புஸ்தகத்தை விட்டுவிட்டு அதைப் படித்த ஜனங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். 'மந்தை', 'மூடர்', 'மூளையை அடகு வைத்தவர்' என்றெல்லாம் பட்டங்கள் பறக்கும். இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. இங்கிலீஷ்காரர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இது நம்மைவிட ஒரு பிடி அதிகமாகவே உண்டு.

நான் இங்கே எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்லப்படும் ஒரு தொடர் நாவல். 'லெஃப்ட் பிஹைண்ட்' என்று பெயர். 'விட்டுச் செல்லப்பட்டவர்கள்' என்று தமிழில் சொல்லலாம். முதல் புஸ்தகம் 1995-ல் வந்தது. கடைசிப் புஸ்தகம் 2007-ல். ஆக மொத்தம் 16 புஸ்தகங்கள். எழுதியவர்கள் இருவர்: டிம் லஹே என்ற பாதிரியார் வேதாகமத்திலிருந்து தீர்க்கதரிசனங்களின் வரிசையைப் போட்டுக் கொடுத்தார்; ஜெரி ஜென்கின்ஸ் என்ற தொழில்முறை எழுத்தாளர் அதைக் கதையாக்கினார். டிண்டேல் பிரசுராலயத்தார் வெளியிட்டார்கள். 2001-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற நாவல் இந்த வரிசையில் வந்த 'டெஸிக்ரேஷன்'தான். அதாவது, கிரிஷாம் முதலிய விற்பனைச் சக்கரவர்த்திகளையெல்லாம் அந்த ஒரு வருஷம் பின்னுக்குத் தள்ளிவிட்டது ஒரு மத நாவல்.

விஷயம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. உலக முடிவுக்கு முன்னால் ஒரு நாள், கண் இமைக்கும் நேரத்தில், மெய்யான விசுவாசிகளையெல்லாம் கிறிஸ்து ஆகாயத்துக்கு எடுத்துக்கொண்டுவிடுவார். மிஞ்சியவர்கள் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சியில் 7 வருஷம் உபத்திரவப்படுவார்கள். அதன் பிறகு அவர் மகிமையோடு வந்து பகைவர்களை அழிப்பார் என்பது ஒரு கொள்கை. நம் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பிரதரன் சபைகளிலும் 'இரகசிய வருகை' என்று இதைப் பிரசங்கம் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் இதை இப்படிக் கால அட்டவணை போட்டு ஒழுங்குபடுத்தியவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் நெல்ஸன் டார்பி என்ற பிரசங்கியார். 1909-ல் ஸ்கோஃபீல்டு என்பவர் குறிப்புரைகளோடு ஒரு வேதாகமப் பதிப்புக் கொண்டுவந்தாரே, அதன் வழியாக இது அமெரிக்க வீடுகளின் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இன்னும் பலரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. நான் கிறிஸ்தவன் அல்லன். காலேஜில் இரண்டு வருஷத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு கதை எழுத வந்தவன். வேத விளக்கத்தில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கதை என்ற பெயரில் எது வந்தாலும் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. படிக்கிறவர்களைப் பற்றிப் பேச அதைவிட அதிக உரிமை உண்டு. அவர்கள் போட்ட சோற்றைத்தான் நான் சாப்பிடுகிறேன்.

இந்த நாவலுக்கு வித்து எப்படி விழுந்தது என்று லஹேயே சொல்லியிருக்கிறார். ஒரு முறை விமானத்தில் போகும்போது, விரலில் கல்யாண மோதிரம் போட்டிருந்த விமானத் தலைவன், மோதிரம் இல்லாத ஒரு பணிப்பெண்ணிடம் சரசமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். 'இந்த நிமிஷத்தில் இரகசிய வருகை நடந்தால் இவன் கதி என்ன?' என்று தோன்றியதாம். அடடா! எவ்வளவு நல்ல வித்து! இதைக் கேட்டு எந்தக் கதாசிரியனுக்கு வாயில் நீர் ஊறாது? வீட்டில் மனைவி பக்தி முற்றியவள். கணவனுக்கு அது அலுப்பாக இருக்கிறது. வேறொருத்திமேல் கண் போகிறது. ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கும்போது, தான் துரோகம் செய்ய நினைத்த மனைவி பூமியிலேயே இல்லாமல் போய்விடுகிறாள்! முதல் நாவல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. விமானி ரேஃபோர்ட் ஸ்டீல், மனைவி ஐரீன், சிறு பையன் ரேமி, பணிப்பெண் ஹாட்டி. வீட்டுக்கு வந்து பார்க்கிறான். படுக்கையில் உடைகள் மட்டும் கிடக்கின்றன. அவற்றுக்குள் இருந்தவர்கள் இல்லை. அந்த இடம் நன்றாகத்தான் இருக்கிறது. நல்லதை நல்லது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குடும்பம் அமெரிக்காவில் ஆயிரம் ஆயிரமாக இருக்கிற குடும்பம். கோயிலுக்குப் போகிற மனைவி, போகாத கணவன். வேறு ஊரில் படிக்கப் போய்ப் பக்தியை மறந்துவிட்ட மகள். நம் வீடுகளிலும் கொஞ்சம் வேஷம் மாற்றிப் பார்த்தால் இதே குடும்பம்தானே! இந்தப் புஸ்தகத்தை வாங்கினவர்களுக்கு அந்திக்கிறிஸ்து ருமேனியாவிலிருந்து வருவானா, ஐக்கிய நாடுகள் சபையின் தலைவனாவானா என்பதா பெரிய கவலை? கிடையாது. 'நான் போகிற இடத்துக்கு என் புருஷன் வருவானா? என் பிள்ளை வருவானா?' என்பதுதான் கவலை. சொர்க்கத்தில் எல்லாம் கிடைக்கும், ஆனால் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும் என்ற பயம். இதை மூட பக்தி என்று சொல்லுகிறவர்களுக்குக் குடும்பம் கிடையாது என்றுதான் நான் நினைத்துக்கொள்ளுகிறேன்.

இது என் ஊகம் மட்டும் அல்ல. ஏமி ஜான்சன் ஃப்ரைக்ஹோம் என்ற அம்மையார் இந்த நாவல்களின் வாசகர்களை நேரில் போய்ப் பார்த்து, உட்காரவைத்துப் பேசி, 2004-ல் 'ராப்சர் கல்ச்சர்' என்ற ஆராய்ச்சி நூல் எழுதினார். எல்லாரும் வாசகர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 'அவர்களையே கேட்டால் என்ன?' என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதற்கே அவரைக் கும்பிடலாம். அவர் கண்டது என்ன? இந்தப் புஸ்தகத்தை யாரும் தனியாகப் படிப்பதில்லை. தாய் மகளுக்குக் கொடுக்கிறாள். தங்கை அக்காளிடம் வாங்குகிறாள். சபையில் பக்கத்தில் உட்காருகிறவர் இரவல் தருகிறார். படித்துவிட்டுப் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். எல்லாவற்றையும் வேதவாக்காக நம்பினவர்கள் இருந்தார்கள். 'கதை ஓட்டம் நன்றாக இருக்கிறது, மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம்' என்றவர்களும் இருந்தார்கள். கொள்கையோடு வாதம் செய்துகொண்டே அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். மந்தையாம் மந்தை! எந்த மந்தை ஐயா மேய்ப்பனோடு தர்க்கம் பண்ணும்?

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இது புதிய சமாசாரம் இல்லை. கதாநாயகியைக் கொன்றுவிடாதீர்கள் என்று நமக்கு வருகிற கடிதங்களை எழுதுகிறவர்கள் கதையையும் வாழ்க்கையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத அசடுகள் என்று சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்கு நன்றாகவே தெரியும், கதை கதைதான் என்று. தங்கள் சொந்தத் துக்கத்தைக் கொஞ்ச நேரம் இறக்கிவைக்க ஒரு திண்ணை கிடைத்ததே, அந்தத் திண்ணையை இடித்துவிடாதே என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே படித்தவர்களை நான் பழிக்க மாட்டேன். எழுதியவர்களைத்தான் கேட்கப்போகிறேன். அவர்கள்மேல் ஏற்கெனவே சாட்டியிருக்கிற குற்றங்கள் ஏராளம். இல்லினாய் மாகாணத்துக் கத்தோலிக்க ஆயர்கள் 2003-ல், இந்த நாவல்கள் கத்தோலிக்க விரோதமானவை என்று அறிக்கை விட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு: கதையில் போப்பாண்டவரும் எடுத்துக்கொள்ளப்படுகிறார், ஆனால் லூத்தரைப் போலப் பேசத் தொடங்கியவர் என்பதால், அவருக்கு அடுத்து வருகிறவரோ அந்திக்கிறிஸ்துவின் கையாள்! யூதர்கள் மனம் புண்பட்டது அதைவிட இயற்கை. கதையின்படி, யூதர் ஒருவர் கடைசிவரை யூதராகவே இருந்து பிழைக்க வழி கிடையாது. பார்பரா ராஸிங் என்ற லூத்தரன் வேதபண்டிதை, 'வெளிப்படுத்தின விசேஷம் இதைச் சொல்லவே இல்லை' என்று 2004-ல் ஒரு நூலே எழுதினார். அதே 2004-ல் ஹாங்க் ஹானக்ராஃப் என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து எதிர் நாவல் ஒன்று எழுதினார். அதில் அந்தத் தீர்க்கதரிசனங்களெல்லாம் நீரோ மன்னன் காலத்துக்கே உரியவை. வேடிக்கை என்னவென்றால், அதை வெளியிட்டவர்களும் டிண்டேல் பிரசுராலயத்தார்தான்! லஹேக்கு வருத்தமான வருத்தம். கடைக்காரருக்கு என்ன? ஒரு கையால் இருமலும் விற்கலாம், மறு கையால் கஷாயமும் விற்கலாம்.

நடை மோசம், பாத்திரங்கள் அட்டைப் பொம்மை என்பதும் பழைய குற்றச்சாட்டு. உண்மைதான், ஆனால் இதற்காகவெல்லாம் ஒரு புஸ்தகத்தின்மேல் நான் கோபப்படுவதில்லை. நடை மோசமான நாவல்களைப் படித்துத்தான் நாம் எல்லாரும் எழுதக் கற்றுக்கொண்டோம்.

என் குற்றச்சாட்டு வேறு. அந்தக் கதையில் எடுத்துக்கொள்ளப்படுகிறவர்கள் விசுவாசிகள் மட்டும் அல்ல. உலகத்திலுள்ள குழந்தைகள் அத்தனை பேரும் மறைந்துவிடுகிறார்கள். தொட்டில் குழந்தை, பால்வாடிக் குழந்தை, பள்ளிக்கூடத்துக் குழந்தை ஒன்று பாக்கியில்லை. வயிற்றில் இருக்கிற சிசுவும் போய்விடுகிறது. பிரசவ அறையில் ஒருத்தியின் வயிறு கண்ணெதிரே வற்றிப் போகிறதைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுவதாக ஆசிரியர் எழுதியிருக்கிறார். சரி, எழுதிவிட்டார். அப்புறம்? அந்தப் பெண் யார்? அவள் என்ன ஆனாள்? அதைப் பற்றி ஒரு வரி கிடையாது! ரேஃபோர்ட் தன் மனைவிக்கும் மகனுக்கும் அழுகிறான். அவன் அழுகை அவன் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. மற்றவர்கள் டெலிபோன் கிடைக்கவில்லையே, விமானம் கிடைக்கவில்லையே என்று அலைகிறார்கள். பத்திரிகை நிருபன் பெரிய செய்தி தேடி ஓடுகிறான். உலக சமாதானம், ஒரே நாணயம் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். பூமியில் ஒரு குழந்தைகூட இல்லாமல் ஒரு வாரம் ஆயிற்று. தெருவெல்லாம் தாய்மார்கள் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்க வேண்டாமா? எந்தத் தாய்க்கு ஐயா நாணயமும் ராஜ்யமும் வேண்டும்? அமெரிக்காவில் ஃப்ரெட் கிளார்க் என்ற எழுத்தாளர், அவரும் கிறிஸ்தவர்தான், 2003-ல் தொடங்கிப் பல வருஷங்கள் இந்த நாவல்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டியவர். அவருடைய தீராத ஆத்திரங்களில் இதுவும் ஒன்று. 'இவர்கள் தங்கள் கதையையே நம்பவில்லை' என்ற தொனியில் அவர் போகிறார். நான் இன்னும் ஓர் அடி போகிறேன். ஆசிரியர்கள் நம்பினார்கள், நம்பினதால்தான் துக்கம் வரவில்லை. குழந்தைகள் சொர்க்கத்தில் சௌக்கியமாக இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே தாயின் அழுகை அவர்களுக்கு வெறும் அறியாமையாகத் தெரிகிறது. அறியாமைக்கு இரக்கப்படாதவன் பிரசங்கியாக இருக்கலாம். கதாசிரியனாக இருக்க முடியாது.

மதப் பிரசங்கம் செய்ய வந்த கதை இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சமாதானம் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 1907-ல், இதே உலக முடிவைப் பற்றி, இதே அந்திக்கிறிஸ்துவைப் பற்றி, ராபர்ட் ஹ்யூ பென்ஸன் என்ற ஆங்கிலேயர் 'லார்ட் ஆஃப் தி வேர்ல்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். அவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கான்டர்பரி ஆர்ச்பிஷப்பின் மகன்; கத்தோலிக்கராக மாறிக் குருப்பட்டம் பெற்றவர். பிரசங்கத்தில் லஹேக்கு எந்த விதத்திலும் இளைத்தவர் அல்லர். ஆனால் அந்த நாவலில் மேபல் என்று ஒருத்தி வருகிறாள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. மனித ஜாதியை நம்புகிறாள். அந்திக்கிறிஸ்துவையே மனித ஜாதியின் ரக்ஷகன் என்று நம்புகிறாள். தான் நம்பின அந்த மனிதர்கள் கொலைகாரர்களாக மாறும்போது அவளுக்கு உலகமே கசந்துவிடுகிறது. சட்டம் அனுமதித்திருக்கிற சாவு விடுதி ஒன்றுக்குப் போய் உயிரை விட்டுவிடத் தீர்மானிக்கிறாள். பென்ஸனின் மதப்படி அது மகா பாவம். இருந்தும் அந்த அறையில் அவளோடு கூடவே உட்கார்ந்திருக்கிறார் அவர். அவளைக் கேலி செய்யவில்லை. 'பார்த்தாயா, நான் சொன்னது சரியாயிற்று' என்று விரலை ஆட்டவில்லை. போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015-ல் இந்த நாவலைப் படிக்கச் சொல்லிப் பத்திரிகைக்காரர்களுக்குச் சிபாரிசு செய்தார். அவர் சொன்ன காரணம் வேறு. நான் சொல்லுவது அந்த ஒரு பெண்ணுக்காக.

இந்தப் பென்ஸனுக்கும் வாசகர் தொல்லை வந்தது. 'உங்கள் நாவல் மனச்சோர்வைத் தருகிறது. கிறிஸ்தவர்களுக்கு நம்பிக்கை போய்விடுகிறது' என்று படித்தவர்கள் முறையிட்டார்கள். மனிதர் என்ன செய்தார்? அவர்களைச் சாந்தப்படுத்த 1911-ல் 'தி டான் ஆஃப் ஆல்' என்று நேர்மாறான ஒரு நாவல் எழுதினார். அதில் உலகமெல்லாம் கத்தோலிக்க மயம், எங்கும் சுபிட்சம். அந்தச் சந்தோஷமான புஸ்தகத்தில்தான், கொள்கைப் பிசகு செய்த ஒரு துறவிக்கு மரண தண்டனை விதிக்கிறார்கள்! மனச்சோர்வு தருகிற நாவலில் ஒரு நாஸ்திகப் பெண்ணுக்காக மனம் உருகின ஆசிரியர், வாசகரைக் குஷிப்படுத்தக் கிளம்பியதும் ஒரு பக்திமானையே பலி கொடுத்துவிட்டார். வாசகர் சொல்லைக் கேட்டு எழுதுவது பற்றி நான் சொல்ல நினைத்ததை இந்த ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறது. வாசகருடைய துக்கத்தைக் கேட்கவேண்டும். அவருடைய உத்தரவைக் கேட்கக்கூடாது.

அமெரிக்க ஆசிரியர்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்தார்கள். 2004-ல் வந்த 'குளோரியஸ் அப்பியரிங்' என்ற பாகத்தில் கிறிஸ்து திரும்பி வருகிறார். அவர் வாயிலிருந்து வருகிற சொல்லாலேயே எதிரிப் படைகள் உடல் பிளந்து சாகின்றன. ரத்தம் வெள்ளமாக ஓடுகிறது. வாசகர்கள் 11 பாகங்கள் காத்திருந்தது இதற்காகத்தான் என்று தீர்மானித்து, அவர்கள் கேட்டதாகத் தாங்களே நினைத்துக்கொண்ட விருந்தைப் போட்டுவிட்டார்கள். நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் அந்த வருஷம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு கேள்வி கேட்டார்: இதே மாதிரி ஒரு நாவலை முஸ்லிம் ஒருவர் எழுதியிருந்தால் நாம் சும்மா இருப்போமா என்று. நல்ல கேள்வி, பதில் சொன்னவர்கள் 'எழுதினது நாங்கள் அல்ல, வேதத்தில் இருக்கிறது' என்ற பாணியில் நழுவினார்கள். வேதத்தில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ரத்தத்தின் அளவை வேதம் சொல்லியிருக்கலாம். அதை ரசித்து ரசித்து எழுதின பேனா யாருடையது?

இப்போது என் மனசை உண்மையில் உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். இதே பெயரில் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு வரிசையும் வந்தது. 1998-லிருந்து 2004 வரை 40 சிறு புஸ்தகங்கள். பெற்றோர்கள் மறைந்துபோக, விட்டுச் செல்லப்பட்ட பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் நான்கு பேரின் கதை. நாற்பது புஸ்தகம்! பெரியவர்களுக்குப் பதினாறு போதுமாக இருந்தது. பிள்ளைகளுக்கு நாற்பது வேண்டியிருந்தது.

இந்தக் கொள்கைக்குள் வளர்ந்த அமெரிக்கர்கள் பலர், பெரியவர்களான பிறகு, ஒரே அனுபவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். வேறு வேறு ஊர்க்காரர்கள். சொல்லுவது மட்டும் ஒன்றே. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறது குழந்தை. கதவு திறந்திருக்கிறது. 'அம்மா' என்று கூப்பிட்டால் பதில் இல்லை. அடுப்படியில் இல்லை; மாடியில் இல்லை. ஒரு வேளை உடைகள் மட்டும் எங்காவது கிடக்கின்றனவா என்று தேடுகிறது. அப்புறம் டெலிபோனை எடுத்து, சபையிலேயே மிகவும் நல்லவர் என்று பெயரெடுத்த ஒருவருடைய வீட்டுக்குக் கூப்பிடுகிறது. அவர் குரல் கேட்டால் நிம்மதி: அவரே இங்கே இருக்கிறார், அப்படியானால் இன்னும் நடக்கவில்லை! பிறகு கொல்லைப்புறத்திலிருந்து துணி உலர்த்திவிட்டு அம்மா வருகிறாள்.

1972-ல் 'எ தீஃப் இன் தி நைட்' என்று ஒரு சினிமா வந்தது. ஐயோவா மாகாணத்தில் சொற்பப் பணத்தில் எடுத்த படம். சபைகளிலும் இளைஞர் கூட்டங்களிலும் போட்டுக் காட்டினார்கள். ஒருத்தி காலையில் எழுந்திருக்கிறாள், கணவன் சவரம் செய்துகொண்டிருந்த மின்சாரக் கத்தி மட்டும் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவனைக் காணோம். அந்த ஓசையை முப்பது வருஷம் கழித்தும் மறக்கவில்லை என்கிறவர்கள் உண்டு. நாவல்கள் வருவதற்கு 23 வருஷத்துக்கு முன்பே பயம் தயாராக இருந்தது. லஹேயும் ஜென்கின்ஸும் அதை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே வெட்டிவைத்த கிணற்றில் தண்ணீர் மொண்டு விற்றார்கள். இதையும் அவர்கள் பக்கத்து நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தக் காலி வீட்டில் நின்ற குழந்தையைப் பாருங்கள். நாவலில் எந்த ஆசிரியரும் எழுதாத காட்சியை அது எழுதிவிட்டது. எடுத்துக்கொள்ளப்பட்ட ஆத்மாக்களின் எண்ணிக்கை, முத்திரை, கொம்பு, மிருகம் ஒன்றும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. அம்மா இல்லாத அடுப்படி ஒன்று போதுமாக இருந்தது. நம் விமர்சகர்கள் 'முட்டாள் வாசகர்' என்று யாரைச் சொல்லுகிறார்களோ, அந்த வாசகர்கள் இந்தப் பிள்ளைப் பருவத்தோடுதான் முதல் நாவலைத் திறந்தார்கள். ஐரீனின் உடைகள் படுக்கையில் கிடக்கிற இடத்தில், ஆசிரியர் நாலு பாராவில் முடித்துவிட்டதை, தாங்கள் சொந்தமாகக் கொண்டுவந்த நாற்பது வருஷத்துப் பயத்தால் நிரப்பிக்கொண்டார்கள். ஹாட்டி என்ற அந்தப் பணிப்பெண், பல பாகங்கள் வரை மனம் திரும்ப மறுத்து இழுத்தடிக்கிறாளே, அவளிடம் எனக்கு ஒரு தனிப் பிரியம். அந்தக் கூட்டத்தில் மனுஷியாக இருக்கிறவள் அவள்தான். மற்றவர்கள் மனம் திரும்பின மறுநாளே அந்திக்கிறிஸ்துவிடம் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, அவனிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு, அவனுக்கு எதிராக ஜபம் செய்கிறார்கள். நம் ஊர்க் கச்சேரிகளில் பார்க்காத காட்சியா!

இதற்கெல்லாம் எழுதினவர்கள் தரப்பில் ஒரே பதில்தான் உண்டு: 'எத்தனையோ ஆத்மாக்கள் இந்தப் புஸ்தகத்தால் மனம் திரும்பியிருக்கின்றன, எங்களுக்கு வந்த கடிதங்களைப் பாருங்கள்!' கடிதங்கள் வந்தது நிஜம்தான். 2003-ல் அந்த அனுபவங்களைத் தொகுத்து ஒரு தனிப் புஸ்தகமாகவே போட்டுவிட்டார்கள். 'இவர்கள் விட்டுச் செல்லப்பட மாட்டார்கள்' என்று அர்த்தப்படும்படி தலைப்பு. குடிகாரன் திருந்தினான், குடும்பம் ஒன்று சேர்ந்தது என்றால் எனக்கும் சந்தோஷம்தான். அதைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் தனக்கு வந்த பாராட்டுக் கடிதங்களைத் தானே அச்சுப் போட்டுக்கொள்ளுகிற எழுத்தாளரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதைவிட முக்கியம், ஆத்மா திரும்பினதற்குக் கடிதம் சாட்சி என்றால், தூக்கம் போனதற்கும் கடிதம்தானே சாட்சி? அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? பத்து வயசுப் பெண் ஒருத்தி ராத்திரி எழுந்து, அம்மா அப்பா படுத்திருக்கிற அறைக்கு வந்து, மூச்சு விடுகிறார்களா என்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளுகிறாளே, அவள் எந்தத் தொகுப்பில் இருக்கிறாள்?

'கதைதானே, இதற்குப் போய் இவ்வளவா?' என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். கதையை நம்பிப் பிழைக்கிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. கதை ஒன்றுமில்லை என்றால், ஆத்மாக்களை ரட்சித்ததாகவும் சொல்லிக்கொள்ளக் கூடாது. ரட்சிக்கிற சக்தி அதற்கு உண்டு என்றால், ராத்திரி நடுவில் ஒரு குழந்தையை எழுப்பி நிறுத்துகிற சக்தியும் அதற்கு உண்டு. லாபக் கணக்கில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு நஷ்டக் கணக்கை 'கதைதானே' என்று தள்ளிவிட எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டான்.

லஹே 2016-ல் காலமாகிவிட்டார். ஜென்கின்ஸ் இன்னும் பல நாவல்கள் எழுதியிருக்கிறார். அவர்களைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை அல்ல. பிரசுராலயம் இருக்கிறது; காகிதம் இருக்கிறது; பெரியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நன்றிக் கடிதங்களுக்குப் போட்ட மாதிரியே, மற்றக் கடிதங்களையும் கேட்டு வாங்கி, ஒரு வார்த்தை திருத்தாமல், அதே அளவில், அதே அட்டைக் கட்டில் ஒரு புஸ்தகம் போடட்டும். விலை என்னவானாலும் ஒரு பிரதிக்கு நான் முன்பணம் கட்டத் தயார்.